பழைய புல்லட்டில் செயின் கழற்றி மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் செய்த, வலது காலில் கியர் மாற்றும், வார்ப்பிரும்பு என்ஜின் 350 புல்லட்டை மனத்தில் வைத்து எழுதியது இது. பின் சக்கரத்தை ஓட்டும் செயினைப் பற்றித்தான் பேச்சு. யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

செயினைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே துடைத்தால் வழக்கமான அழுக்கு போய்விடும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் செயின் லாக்கின் (செயினின் இரு முனையையும் இணைக்கும், கழற்றி மாட்டக்கூடிய கண்ணி) கிளிப் கொஞ்சம் விரிகிறது. அடிக்கடி கழற்றுகிறவர் செயினைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு லாக்கைப் பலவீனமாக்குகிறார்.

கழற்றத்தான் வேண்டும் என்ற நிலை மூன்று சமயங்களில் வரும். செயின் தேய்ந்து மாற்றும்போது. பின் சக்கரப் பிரேக் டிரம்மில் வேலை இருக்கும்போது. மழையிலும் சேற்றிலும் ஓடி, பிறகு மாதக்கணக்கில் நின்று, கண்ணிகள் மடங்காமல் விறைத்துப்போனபோது. மூன்றாவதில்கூடத் துரு ரோலருக்குள் இறங்கிவிட்டால் ஊறவைத்துப் பிழைக்க வைக்கப் பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல்.

செயின் தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"செயின் நீண்டுபோச்சு" என்று சொல்கிறோம். உண்மையில் தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் 'பின்' என்ற சிறு உருளைக் கம்பி 'புஷ்' என்ற குழலுக்குள் மடங்கி மடங்கி இரண்டும் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவுதான். அப்படி நூறு மயிரிழைகள் சேரும்போது செயின் முழுதும் நீண்டதாகத் தெரிகிறது. எட்டில் ஐந்து அங்குலப் பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம்) உள்ள நூறு கண்ணிச் செயின் 2 சதவீதம் தேய்ந்தால் ஏறத்தாழ 32 மி.மீ. கூடிவிடும், அதாவது இரண்டு கண்ணி நீளம்.

அளக்கும் முறை எளிது. செயினை இழுத்து நேராக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் இடது ஓரத்தில் தொடங்கி, அதைச் சேர்த்து எண்ணி, இருபத்தோராவது பின்னின் இடது ஓரம் வரை அளவு எடுங்கள். புல்லட் செயினில் அது 317.5 மி.மீ. இருக்க வேண்டும். 324-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆர்எக்ஸ் 100 போன்ற அரை அங்குலப் பிட்ச் செயினில் புதிது 254 மி.மீ., எல்லை 259. ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டாதீர்கள்; செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது.

ஸ்கேல் கையில் இல்லையென்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) கடைசிப் பின்பக்கத்தில் செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லை ஒட்டியே கிடந்தால் இன்னும் ஓடும். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு எழும்பி வந்தால் அதன் காலம் முடிந்தது.

கடையில் 428, 520, 530 என்று எண் சொல்கிறார்கள். என்ன அர்த்தம்?

முதல் இலக்கம் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம். அதை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக எண்ணுங்கள். 4 என்றால் எட்டில் நான்கு, அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கம் உள் அகலம்: 520-இல் கால் அங்குலம், 530-இல் எட்டில் மூன்று பங்கு அங்குலம். பிட்ச் ஒன்றே என்பதால் 520 செயின் 530-க்கான ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் என்று நினைக்காதீர்கள். பல்லின் தடிமன் வேறு, ஏறாது. மாறாக 520 ஸ்ப்ராக்கெட்டில் 530 செயின் ஏறிவிடும். ஏறி, பக்கவாட்டில் ஆடி, பல்லை ஒருபக்கமாகத் தின்னும். பழைய செயினின் பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும். துடைத்துப் பார்த்து, அதையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது நாம் பயன்படுத்தும் புஷ் ரோலர் செயினை 1880-இல் மான்செஸ்டரில் வடிவமைத்தவர் ஹான்ஸ் ரெனால்ட். நம் பக்கத்துக் கடைகளில் தொங்கும் பெட்டிகளில் ரோலான் கோயம்புத்தூர் எல்ஜி பாலகிருஷ்ணன் நிறுவனத்துடையது, டயமண்ட், அம்பத்தூர்க்காரர்களுடையது. இரண்டில் எது என்று கேட்டால், போலியில்லாமல் கிடைக்கும் எதுவும் நல்லதே. பெட்டி பளபளப்பாக இருந்து, செயினின் பக்கத் தகட்டில் பெயர் அடிக்காமல் இருந்தால் வாங்காதீர்கள்.

என்னென்ன கருவி தேவை?

நோஸ் பிளேயர், ஆக்சில் நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (அட்ஜஸ்டபிள் வேண்டாம், நட்டின் மூலையை மழுக்கிவிடும்), சிறு திருப்புளி, பிரஷ், மண்ணெண்ணெய், காட்டன் வேஸ்ட், 90 ஆயில் (கியர் ஆயில்), ஸ்கேல். புதிதாக ஒரு செயின் லாக். இத்தோடு ஒரு பழைய செயின், தேய்ந்தது என்று தூக்கிப் போட இருந்ததே போதும். அது எதற்கு என்பதுதான் அடுத்த கேள்வி.

புல்லட்டில் மட்டும் "செயினை முழுசா உருவிடாதே" என்று மெக்கானிக்குகள் ஏன் கத்துகிறார்கள்?

முன் ஸ்ப்ராக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் புரியும். ஆர்எக்ஸ் 100-இல் இடப்பக்க மூடியைக் கழற்றினால் முன் ஸ்ப்ராக்கெட் கண்ணெதிரே நிற்கும். புல்லட்டில் அது கியர்பாக்ஸில், கிளட்சுக்குப் பின்னால், பிரைமரி கேஸுக்கும் (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் ஓடும் பெட்டி) உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரைமரி மூடியைக் கழற்றி, அதிலுள்ள ஆயிலை வடித்து, பிரைமரி செயினையும் கிளட்சையும் எடுத்து, உள் கேஸையும் கழற்ற வேண்டும். ஒரு செயினை மாட்ட ஒரு நாள் வேலை.

ஆகவே, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, பழையதன் வாலில் புதியதைக் கட்டி இழுப்பதுதான் முறை. லாக்கைத் திறந்ததும் பழைய செயினின் மேல் முனையில் புதுச் செயினின் ஒரு முனையை லாக் போட்டு இணையுங்கள். இந்த இணைப்புக்குப் பழைய லாக் போதும். ஆனால் கிளிப்பையும் போடுங்கள், "இழுக்கத்தானே" என்று விட்டால் உள்ளே போய் நழுவும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பழைய செயினின் கீழ் முனையைப் பிடித்து மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். மேலே புதுச் செயின் முன்னால் போகும், ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும், கீழே பழையதற்குப் பின்னால் வெளியே வரும். இரண்டு முனையும் கைக்கு வந்ததும் பழையதை அவிழ்த்துவிடுங்கள்.

மாற்றுவதற்காக இல்லாமல் சுத்தம் செய்யத்தான் கழற்றுகிறீர்கள் என்றாலும் இதே வித்தை. தேய்ந்த பழைய செயினை உள்ளே இழுத்து விட்டுவிட்டு, நல்ல செயினை வெளியே எடுங்கள். கழுவி முடித்ததும் திரும்ப அதன் வாலில் கட்டி இழுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் கோணியோ பழைய செய்தித்தாளோ விரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசிய செயின் மண்ணில் ஒரு தடவை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும்.

செயின் லாக்கை எப்படித் திறப்பது?

சக்கரத்தைச் சுற்றி, லாக், பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டின் பல்மேல் வந்து உட்காரும்படி நிறுத்துங்கள். அங்கேதான் இரண்டு பக்கமும் பற்கள் செயினைப் பிடித்திருக்கும். கிளிப்பை எடுத்ததும் முனைகள் தெறித்து ஓடாது. செயின் இறுக்கமாக இருந்தால் முதலில் ஆக்சில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

கிளிப்பின் ஒரு பக்கம் வளைந்து மூடியிருக்கும், மறுபக்கம் இரண்டு கால்களாகப் பிரிந்திருக்கும். நோஸ் பிளேயரின் ஒரு தாடையைப் பிரிந்த கால் முனையிலும், மற்றதை மூடிய பக்கத்துப் பின்னின் தலையிலும் வைத்து அழுத்துங்கள். கிளிப் நழுவி வரும். மேலே ஒரு துணியைப் போர்த்தி அழுத்துவது நல்லது. தெறித்துப் போகும் கிளிப்பைப் புழுதியில் தேடிக் கண்டவர் குறைவு. திருப்புளியை நுழைத்து நெம்பினாலும் வரும்தான், ஆனால் கிளிப் கோணிவிடும். கோணிய கிளிப்பைத் தட்டி நேராக்கி மறுபடி போடக் கூடாது.

கிளிப் வந்ததும் வெளித் தகட்டை எடுத்து, லாக்கை உள்பக்கமாகத் தள்ளுங்கள்.

என் செயினில் லாக்கே இல்லையே?

பின்னின் தலையைத் தட்டி மூடிய செயின் அது. ஒரு பின்னின் இரண்டு தலையையும் கிரைண்டரில் தட்டையாக அரைத்துவிட்டு, செயின் பஞ்ச் என்ற கருவியால் தள்ளினால் வெளியே வரும். அரைக்காமல் சுத்தியல் போட்டுத் தட்டினால் புஷ் வளையும். மாற்றும் செயின் என்றால் அதனால் நஷ்டமில்லை. வைத்துக்கொள்ளும் செயின் என்றால் அடிக்காதீர்கள்.

பேச்சு மும்முரத்தில் செயினை முழுவதும் உருவிவிட்டேன். இனி பிரைமரி கேஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். சைக்கிள் பிரேக் கேபிளின் உள் கம்பியையோ சற்று விறைப்பான கட்டுக் கம்பியையோ எடுத்து நுனியைச் சிறிதாக வளைத்துக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கமிருந்து ஸ்ப்ராக்கெட்டின் மேலாக நுழைத்து, கீழாக வெளியே கொண்டுவர முயலுங்கள். கம்பி வந்துவிட்டால் அதன் வாலில் செயினின் கடைசிக் கண்ணியைக் கட்டி, ஒரு கையால் இழுத்து, மறு கையால் செயினைப் பல்மேல் ஊட்டிவிடுங்கள். பொறுமை இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கியரில் போட்டு, கிக்கரை மிதித்து ஸ்ப்ராக்கெட்டைச் சுழல வைத்தால் செயின் தானே ஏறும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விரல் இருக்கும் இடம் அது.

கழற்றிய செயினை எதில் கழுவுவது? பெட்ரோல் போடலாமா?

மண்ணெண்ணெய் அல்லது டீசல். பெட்ரோல் வேண்டாம். அழுக்கை நன்றாகக் கரைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் வராந்தாவில் ஒரு தட்டு நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு உட்காருவது தீயோடு விளையாட்டு. கண்ணித் தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள செயினாக இருந்தால் அந்த வளையத்தையும் அது கெடுக்கும்.

தட்டில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டாவது தடவை புது மண்ணெண்ணெயில் அலசுங்கள். தொங்கவிட்டு வடியவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்காகவே செயினை எப்போதாவது கழற்றலாம் என்பேன், ஏனென்றால் வண்டியில் இருக்கும்போது விறைத்த கண்ணியும் வெடித்த ரோலரும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரே ஒரு ரோலர் பிளந்திருந்தாலும் அந்தச் செயின் வேண்டாம்.

பழைய ஆட்கள் ஒன்று செய்வார்கள். டின்னில் கிராஃபைட் கிரீஸை உருக்கி, கழுவிக் காய்ந்த செயினை அதில் போட்டு, காற்றுக் குமிழ் வருவது நிற்கும் வரை வைத்திருந்து எடுப்பார்கள். சூட்டில் இளகிய கிரீஸ் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இறங்கி, ஆறியதும் அங்கேயே தங்கும். ரப்பர் வளையம் இல்லாத செயினுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரிந்து இல்லை. அடுப்பின்மேல் டின்னை நேராக வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் டின்னை வைத்து உருக்குங்கள். இளக்கமான கிரீஸுக்கு அந்தச் சூடு போதும். சமையலறைக்கு வெளியே.

புதுச் செயின் நீளமாக இருக்கிறது. பழையதை அருகில் வைத்து அதே அளவுக்கு வெட்டலாமா?

கூடாது. பழையது தேய்ந்து நீண்டது. அதன் நீளத்துக்கு வெட்டினால் கணக்கு ஒன்றிரண்டு கண்ணி தவறும். நீளத்தை மறந்து கண்ணிகளை எண்ணுங்கள். லாக்கையும் ஒரு கண்ணியாகச் சேர்த்து எண்ண வேண்டும். மொத்தம் எப்போதும் இரட்டைப்படை எண்ணாகவே வரும், ஏனென்றால் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறித்தான் வர முடியும். ஒற்றைப்படையில் வந்தால் நீங்கள் தப்பாக எண்ணுகிறீர்கள், அல்லது முன்பு யாரோ அரைக் கண்ணி போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். அரைக் கண்ணி செயினிலேயே பலவீனமான இடம்; அதை மறுபடி போடாதீர்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை யாராவது மாற்றியிருந்தால் பழைய எண்ணிக்கையும் சரியாக இராது. அப்போது சக்கரத்தை முழுக்க முன்னால் தள்ளி, செயினைச் சுற்றிப் பார்த்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டுவதே வழி.

செயினை மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்களே?

மற்ற வண்டிகளில் அந்த அறிவுரை சரி. செயின் கிட் என்று செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே விற்கிறது, வாங்கிப் போட்டுவிடலாம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் புதிதும் சீக்கிரமே தேயும்.

புல்லட்டில் சிக்கல் வேறு. பின் ஸ்ப்ராக்கெட் தனி உருப்படி இல்லை, பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக இருக்கிறது. பல் போனால் டிரம்மே போயிற்று. லேத்தில் பழைய பல்லைக் கடைந்து எடுத்துவிட்டு வேறு பல் வளையத்தைப் பொருத்தித் தருகிறவர்கள் உண்டு. டிரம் நல்ல நிலையில் இருந்து, கடைகிறவர் கை தேர்ந்தவராக இருந்தால் அது பிழைக்கும். வளையம் நூலளவு மையம் தப்பினாலும் செயின் ஒரு சுற்றில் இறுகித் தளரும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டிலும் அது நிற்காது. ஆகவே எனக்குப் புது டிரம்தான் விருப்பம். டிரம்மைக் கழற்றும்போதே கப்ளிங் ரப்பரையும் (டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே உதைப்பைத் தாங்குவது) பார்த்துவிடுங்கள். அது நைந்திருந்தால், கியர் மாற்றும்போது வரும் 'டக்' என்ற உதைப்பைச் செயின்மேல் பழி போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பல் தேய்ந்ததா என்று பார்க்க அளவு வேண்டாம். நல்ல பல் இருபுறமும் ஒத்திருக்கும். தேய்ந்த பல் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கியாகும். முன் ஸ்ப்ராக்கெட் சிறியது. ஒவ்வொரு பல்லும் அதிகத் தடவை வேலை செய்வதால் அதுதான் முதலில் தேயும். புல்லட்டில் அதுதான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது! கிளட்ச் பிளேட் மாற்ற எப்போது கேஸைத் திறந்தாலும் அப்போதே இன்னும் கொஞ்சம் கழற்றி அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

புதுச் செயினை இணைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சக்கரத்தை முன்பே முழுக்க முன்னால் தள்ளிவிடுங்கள். இரண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்மேல் கொண்டுவந்து, அடுத்தடுத்த பற்களில் உட்கார வையுங்கள். லாக்கின் இரண்டு பின்னிலும் கிரீஸ் தடவி, உள்பக்கமிருந்து வெளியே தெரியும்படி நுழையுங்கள். வெளித் தகட்டை மாட்டி, பின்னின் வெட்டு (கிளிப் உட்காரும் பள்ளம்) முழுதும் தெரியும் வரை அழுத்துங்கள். வெட்டு பாதி மறைந்திருந்தால் கிளிப் சரியாக உட்காராது. எவ்வளவு அழுத்தினாலும் போகவில்லை என்றால் லாக் வேறு அளவுச் செயினுடையது.

கிளிப்பை வைத்து, பிளேயரின் ஒரு தாடையை மூடிய முனையிலும், மற்றதைக் கால் பக்கத்துப் பின்னிலும் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். உட்கார்ந்தபின் விரல் நகத்தால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேறு கிளிப்.

கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், திறந்த வாய் பின்னால் வர வேண்டும். சாலையில் கிடக்கும் குச்சியோ செயின் கவரோ உரசினாலும், திசை சரியாக இருந்தால் கிளிப்பின் முதுகில் உரசிப் போகும். தலைகீழாக இருந்தால் வாயில் இடறிக் கழற்றிவிடும்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், மேல் பக்கச் செயின் முன்னோக்கிப் போகிறது, கீழ்ப் பக்கச் செயின் பின்னோக்கி வருகிறது. ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை என்ஜினைப் பார்க்கும், அதே லாக் கீழே சுற்றி வந்தால் மூடிய முனை பின் சக்கரத்தைப் பார்க்கும். லாக்கை மேலே கொண்டுவந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் குழப்பம் இல்லை.

எவ்வளவு தளர்ச்சி விட வேண்டும்?

கீழ்ச் செயினின் நடுவில், மேலும் கீழுமாகச் சேர்த்து 25 முதல் 30 மி.மீ. ஆட்டம். வண்டியோடு வந்த கையேடு கைவசம் இருந்தால் அதில் உள்ளதே முடிவு.

ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நட்டை முறுக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் இந்த அளவு வையுங்கள். இன்னொன்று: சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் கீழே தொங்குகிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் ஒருவரையும் ஏற்றினால் சக்கரம் மேலே வரும்; முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் சட்டம்) அச்சும் ஆக்சிலும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் உச்சமாக இறுகும். ஸ்டாண்டில் கச்சிதமாகத் தெரிந்த செயின் பள்ளத்தில் இறங்கும்போது நாண் மாதிரி விறைக்கும்.

சந்தேகம் வந்தால் கொஞ்சம் லூஸாகவே விடுங்கள். லூஸான செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுக்கமான செயின் சத்தமே இல்லாமல் கியர்பாக்ஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும், கூலி கொடுக்கும் நாளில்தான் தெரியும். "டைட்டா வெச்சாத்தான் பிக்கப்பு" என்று சொல்கிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே எண்ணில் இருந்தால் சக்கரம் நேராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். புல்லட்டின் ஆக்சிலில் இரு பக்கமும் படிப்படியாக வெட்டு விட்ட வட்டத் தகடு இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் முன்பின் நகரும். இரு பக்கமும் ஒரே வெட்டில் நிற்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் ஓடிய வண்டியில் ஸ்விங் ஆர்ம் எங்கே அடிபட்டது, தகடு எங்கே தேய்ந்தது என்று யார் கண்டது? கயிறு கட்டிப் பார்த்துவிடுவதே நிம்மதி.

350 ஸ்டாண்டர்டில் முன்னும் பின்னும் ஒரே 3.25-19 டயர் என்பதால் இது எளிது. முன் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, நூலைப் பின் டயரின் பக்கவாட்டில் ஒட்டி முன் டயர் வரை இழுங்கள். நான்கு இடத்திலும் நூல் மெல்லத் தொட வேண்டும். டயர் அளவை யாராவது மாற்றியிருந்தால் இருபுறமும் இடைவெளி சமமாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டிக்குப் பின்னால் குந்தி, செயினை அதன் நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழையும் இடத்தில் வளைவு தெரியக் கூடாது.

நேர் வந்ததும் ஆக்சில் நட்டை முறுக்கி, தளர்ச்சியை மறுபடி அளங்கள். நட்டை முறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகர்ந்துவிடுவது சகஜம்.

செயினை அட்ஜஸ்ட் செய்த பிறகு பின் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஏன்?

சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடு இழுபடும். பிரேக் பெடலின் ஆட்டம் குறைந்து, ஷூ டிரம்மை உரசும். ராடின் கடைசியில் உள்ள நட்டைத் தளர்த்தி ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள். சக்கரத்தை முன்னால் தள்ளியிருந்தால் நேர்மாறாகப் பிரேக் பிடிக்காது. பிரேக் தட்டின் ஆங்கர் நட்டைத் தளர்த்தியிருந்தால் அதை மறக்காமல் முறுக்குங்கள். செயின் வேலை முடிந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கும் முதல் ஓட்டத்தில் முதலில் சோதிக்க வேண்டியது பிரேக், பிறகுதான் செயின்.

யெஸ்டிக்கும் ஸ்பிளெண்டருக்கும் வேறுபாடு என்ன?

யெஸ்டியில், அதற்கு முந்தைய ஜாவாவிலும், செயின் ரப்பர் குழாய்களுக்குள் ஓடுகிறது. தூசி படாது, செயின் நெடுநாள் வரும். ஆனால் முழுவதும் உருவிவிட்டால் அந்தக் குழாய்க்குள் மறுபடி நுழைப்பது தொல்லை. பழையதன் வாலில் கட்டி இழுக்கும் முறை அங்கே இன்னும் அவசியம். ஸ்பிளெண்டரில் முழுச் செயின் கவர், இரண்டு பாதியாகக் கழலும். கண்ணில் படாததால் யாரும் எண்ணெய் விடுவதில்லை, அதுதான் அங்கே குறை.

எந்த எண்ணெய்? எப்போது?

ரப்பர் வளையம் இல்லாத செயினுக்கு 90 ஆயில் போதும். மழைக்காலத்தில் செயின் ஸ்ப்ரே கழுவிப் போகாமல் நிற்கும். வடித்த பழைய என்ஜின் ஆயிலை விடும் பழக்கம் நம்மூரில் உண்டு. அதில் இருக்கும் கரியும் உலோகத் துகளும் தேய்ப்பான் வேலையைச் செய்யும். வெளியில் தடவும் கிரீஸும் புழுதியைப் பிடித்து அரைக்கும். முன்பு சொன்ன, உள்ளே உருக்கி ஏற்றும் கிரீஸ் வேறு. அதையும் வெளிப்புறம் துடைத்துவிட வேண்டும்.

கொஞ்ச தூரம் ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ச் செயினின் உள் பக்கத்தில், பக்கத் தகடுகளுக்கு நடுவே சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுழலும்போது எண்ணெய் தானே வெளிப்பக்கம் பரவும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் டயரிலும் பேன்ட்டிலும் தெறிக்காது.

என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்ற, துணியால் செயினைத் துடைப்பவர்களை இன்னும் பார்க்கலாம். துணி மாட்டினால் விரலும் கூடவே ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும், கையை இழுக்க நேரம் இருக்காது. என்ஜின் நின்றிருக்க வேண்டும், சக்கரத்தைக் கை சுற்ற வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

புதுச் செயின் போட்டு வாரம்கூட ஆகவில்லை, லூஸாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. முதல் சில நூறு கிலோமீட்டரில் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று படிந்து கொஞ்சம் இளகும். ஒருமுறை அட்ஜஸ்ட் செய்தால் பிறகு வெகுநாள் அசையாது. அதன்பிறகும் வாரா வாரம் தளர்ந்தால் பல்லையோ நேரையோ சந்தேகப்படுங்கள்.

உள்ளே பிரைமரி செயின் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் இப்படித்தான் கழற்றுவதா?

அது என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போவது, இரட்டை வரிசைச் செயின், ஆயிலில் மூழ்கி ஓடுவது. லாக் கிடையாது, என்ஜின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்சையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அது வேறு நாள் வேலை, வேறு கருவி.

வழியில் செயின் அறுந்துவிட்டால்?

முதலில் இறங்கி, பிரைமரி கேஸின் பின்பக்கத்தையும் கியர்பாக்ஸையும் பாருங்கள். அறுந்த செயின் சுருண்டு அடித்தால் அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். ஆயில் ஒழுகினால் அங்கேயே நிறுத்தி வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கேஸ் தப்பியிருந்தால், பெட்டியில் ஒரு செயின் லாக் இருந்தால் போதும். ஒரு வெளிக் கண்ணி மட்டும் போயிருந்தால் அதன் மிச்சத் தகட்டையும் பின்னையும் அகற்றிவிட்டு அந்த இடத்தில் லாக்கைப் போடலாம், நீளம் மாறாது. கிளிப் மட்டும் பறந்துபோய் மற்றவை மிஞ்சியிருந்தால், பின்னின் வெட்டில் மெல்லிய கட்டுக் கம்பியை எட்டு வடிவத்தில் சுற்றி முறுக்கி, முறுக்கின் நுனியை உள்ளே மடக்கிவிட்டு, இரண்டாம் கியருக்கு மேல் போகாமல் பக்கத்து ஊர் ஸ்பேர்ஸ் கடை வரை உருட்டிக்கொண்டு போகலாம். அங்கே லாக் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்று செயினுக்கு, ஒன்று பெட்டிக்கு.